தண்டனைக்கு ஒரு விலை: விண்வெளி விளையாட்டும் வாவிக்கரை வரலாறும்

கடந்த ஓகஸ்ட் மாதம் என் தங்கையின் மகன் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்காக மட்டக்களப்புக்கு வந்திருந்தான். பல்கலைக்கழக மாணவன். பகற்பொழுதைக் கல்லடிக் கடற்கரையிலும் பாலத்தடியிலும் கழிப்பான். ஊர் உறங்கிய பின் மடிக்கணினியைத் திறந்துகொண்டு அமர்வான். ஏதோ விண்வெளிக் கப்பல்கள் ஓட்டும் விளையாட்டு என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் விசாரித்ததில்லை.

ஒரு நாள் இரவு, சாப்பாட்டு மேசையில், "இண்டைக்கு இருபது பேர் தற்கொலை செஞ்சம் மாமா. நல்ல லாபம்" என்றான்.

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் மேசையில் பேச்சு நின்றுபோயிற்று. எதிரே அமர்ந்திருந்த என் தாயார் பிசைந்த சோற்றைக் கையில் வைத்தபடியே பேரனைப் பார்த்தார். பிறகு கையைத் தட்டில் வைத்துவிட்டார். எண்பது வயதைக் கடந்தவர். இந்த ஊரை விட்டு ஒருபோதும் வெளியேறாதவர். அந்தச் சொல் இந்த ஊரில் எவற்றையெல்லாம் குறித்தது என்பதை, எந்தப் பத்திரிகையையும் வாசிக்காமலே அறிந்தவர்.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கோ அவன் சொன்னது புரியவில்லை. முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். விளங்காத ஒன்றை விசாரிக்காமல் விட மனம் வரவில்லை. அன்றிரவு அவன் அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த சில நாட்களில் அவனிடமிருந்தும், பிறகு தேடி வாசித்தவற்றிலிருந்தும் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன். இது ஒரு விளையாட்டின் கதைதான். ஆனால் சட்டம், காவல், தண்டனை என்பவற்றைப் பற்றி நெடுங்காலமாக நான் கொண்டிருந்த ஓர் எண்ணத்தை அது சற்று அசைத்துவிட்டது.

பாதுகாப்பான வானம்

விளையாட்டின் பெயர் ஈவ் ஒன்லைன். ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் உள்ள சிசிபி என்ற நிறுவனம் 2003 மே 6ஆம் திகதி அதை வெளியிட்டது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரத் தொகுதிகள் கொண்ட ஒரு கற்பனை வானம். உலகின் பல நாடுகளிலும் இருப்பவர்கள் ஒரே வானத்தில் ஒரே நேரத்தில் கப்பலோட்டுகிறார்கள். கனிமம் தோண்டுகிறார்கள், கப்பல் கட்டுகிறார்கள், சந்தையில் விற்கிறார்கள், கூட்டணி அமைக்கிறார்கள், போர் செய்கிறார்கள். நிறுவனம் உலகத்தை மட்டுமே தந்தது. அதில் நிகழ்ந்த வரலாறு பெரும்பாலும் ஆடியவர்கள் உண்டாக்கியது.

அந்த வானத்தின் ஒவ்வொரு தொகுதிக்கும் பாதுகாப்பு மதிப்பெண் ஒன்று உண்டு. மதிப்பெண் 0.5க்கும் 1.0க்கும் இடையில் இருந்தால் அது உயர் பாதுகாப்புப் பகுதி. மருமகன் இந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 'அதியுயர் பாதுகாப்பு வலயம்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் அல்லவா நாம்?

உயர் பாதுகாப்புப் பகுதியில் ஒருவர் மற்றொருவரை அநியாயமாகத் தாக்கினால் கொன்கோர்ட் எனப்படும் காவற்படை வந்து தாக்கியவரின் கப்பலை அழித்துவிடும். அதை இயக்குவது கணினி. அதற்கு லஞ்சம் கொடுக்க முடியாது. அதனுடன் போரிட்டு வெல்லவும் முடியாது. அது வந்து சேரும் நேரமும் ஏறத்தாழ அனைவருக்கும் தெரியும். மிகப் பாதுகாப்பான தொகுதிகளில் ஆறேழு விநாடிகள், 0.5 மதிப்பெண் தொகுதியில் இருபது விநாடிகளை நெருங்கும். பிழைத்த குற்றவாளி என்று எவரும் இல்லை.

நம் நாட்டில் யாராவது இப்படியொரு பொலிஸ் படையைத் தந்தால் பால் சோறு சமைத்துக் கொண்டாடியிருப்போம். ஆனால் அந்த வானத்தில் கொள்ளை நிற்கவில்லை. அதற்கு மாறாக, கொள்ளை ஒரு தொழிலாக வளர்ந்தது. எப்படி?

விடை எளிமையானது. தாக்க வருபவன் தன் கப்பல் அழியும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிடுகிறான். அழியப்போகும் கப்பலுக்கு எதற்கு விலையுயர்ந்த கவசம்? குறைந்த விலையில் அதிகம் சுடக்கூடிய சிறு கப்பல் போதும். கற்றலிஸ்ட் என்ற மலிவான நாசகாரிக் கப்பல் இதற்காகவே பேர் பெற்றது. ஒருவன் வணிகப் பாதையில் நின்று, கடந்து செல்லும் சரக்குக் கப்பல்களின் உள்ளே இருப்பதைக் கருவியால் அலசிப் பார்ப்பான். கொழுத்த கப்பல் ஒன்று அகப்பட்டதும் பதுங்கியிருக்கும் தோழர்களுக்குச் செய்தி போகும். பத்தோ இருபதோ சிறு கப்பல்கள் ஒரே கணத்தில் பாய்ந்து சுடும். காவற்படை வருவதற்குள் சரக்குக் கப்பல் சிதறும். காவற்படை வந்து சிறு கப்பல்கள் அனைத்தையும் சிதறடிக்கும். சரக்கில் ஏறத்தாழ பாதி அழிய, மீதி வெளியில் மிதக்கும். அதுவரை ஒதுங்கி நின்ற இன்னொரு தோழன் வந்து அள்ளிக்கொண்டு போவான்.

கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இருபது சிறு கப்பல்கள், ஒன்றின் விலை பத்து ரூபாய் என்றால் மொத்தச் செலவு இருநூறு. பிடிபட்ட சரக்கு ஆயிரம் ரூபாய் பெறுமதி. பாதி கிடைத்தாலும் ஐந்நூறு. முந்நூறு ரூபாய் ஆதாயம். தண்டனை தவறாமல் கிடைத்தது. குற்றமும் தவறாமல் நடந்தது. இந்த முறைக்கு ஆட்டக்காரர்கள் இட்ட ஆங்கிலப் பெயரின் முதற்பாதிதான் 'தற்கொலை'. உண்மையில் எவரும் சாவதில்லை. கப்பல் போனாலும் ஓட்டுநன் சிறு கூண்டில் தப்புவான். கூண்டும் உடைந்தால் நகலுடலில் விழித்தெழுவான். பதினைந்து நிமிடம் குற்றவாளி முத்திரை இருக்கும். அது தீர்ந்ததும் அடுத்த கப்பலில் ஏறலாம்.

காவலன் வளர்ந்த கதை

தொடக்கத்தில் இந்தக் காவற்படை இத்தனை வல்லமையுடன் இருக்கவில்லை. 2003இல், விளையாட்டு வெளியான சில மாதங்களிலேயே, ஒரு சிறு கொள்ளைக் குழு மாரா என்ற தொகுதியின் வாயிலை மறித்து நின்று வருவோர் போவோரையெல்லாம் அடித்தது. நிறுவனமே தலையிட்டு அவர்களை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. 2004இல் வேறொரு குழு, யூலாய் என்ற தொகுதியில் காவற்படையின் அடியைத் தாங்கி நின்றபடியே மற்றவர்களைச் சுட்டுத் தள்ளியது. காவலனை எதிர்த்து நிற்க முடியும் என்பது அப்போது தெளிவாகிவிட்டது. அதன் பிறகே காவற்படை வெல்ல முடியாததாக ஆக்கப்பட்டது. அதன் கையிலிருந்து தந்திரத்தால் தப்புவதும் விளையாட்டு விதிகளை மீறும் செயலென்று அறிவிக்கப்பட்டது.

இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்த உலகைப் படைத்தவர்கள் வகுத்த நீதி இதுதான்: கொள்ளையடிக்கலாம், தண்டனையிலிருந்து தப்பக் கூடாது. கொள்ளை ஆட்டத்துக்கு உட்பட்டது. தப்புவது மட்டுமே ஆட்டத்துக்குப் புறம்பானது.

இன்னொரு வேடிக்கையும் நெடுங்காலம் நீடித்தது. அந்த வானத்தில் கப்பல்களுக்குக் காப்புறுதி உண்டு. கொள்ளையடித்து, காவற்படையால் அழிக்கப்பட்ட கப்பலுக்கும் காப்புறுதிப் பணம் கிடைத்துவந்தது! வங்கியைக் கொள்ளையிட்டவன் பொலிஸார் சுட்டதில் தன் வாகனம் பழுதடைந்துவிட்டதென்று இழப்பீடு வாங்கிச் செல்வதைப் போன்ற ஏற்பாடு. 2011 இறுதியில்தான் நிறுவனம் அதை நிறுத்தியது. கொள்ளையின் செலவு உயர்ந்தது. கொள்ளையர்கள் கணக்கைத் திருத்தி எழுதினார்கள்; முன்னிலும் கொழுத்த இரைக்காகக் காத்திருந்தார்கள். தொழில் தொடர்ந்தது.

எவ்வளவு கொழுத்த இரை? 2010 ஓகஸ்டில் நடந்த ஒரு சம்பவம் விளையாடாதவர்களின் செய்தித்தளங்களிலும் இடம்பிடித்தது. பிளெக்ஸ் என்பது அப்போது அங்கே ஒரு மாதச் சந்தாவுக்கு ஈடாக இருந்த சீட்டு. உண்மையான பணம் கொடுத்து வாங்கப்படுவது. ஓர் ஆட்டக்காரர் கெஸ்ட்ரல் என்ற மிகச் சிறிய கப்பலில் 74 சீட்டுகளை ஏற்றிக்கொண்டு, ஜிட்டா என்ற பெருஞ்சந்தைத் தொகுதிக்குள் வந்தார். வந்த கப்பலை இருவர் அடித்தார்கள். 74 சீட்டுகளும் கப்பலோடு சேர்ந்து அழிந்தன. அடித்தவர்களுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆறு ஆண்டுச் சந்தா, 1,200 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட பெறுமதி, சில விநாடிகளில் புகையாயிற்று. மகளின் சீதன நகை முழுவதையும் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு திருவிழாக் கூட்டத்துக்குள் போன மனிதரின் கதைதான் இது.

பிறகு ஆதாயம் என்ற எல்லையையும் இந்தத் தாக்குதல்கள் தாண்டின. 2009 முதல் ஹல்க் எனப்படும் கனிமம் தோண்டும் கப்பல்களைக் குறிவைத்து, அதிகம் அழிப்பவர்களுக்குப் பரிசு வழங்கும் போட்டிகள் நடந்தன. 2012இல் ஒரு குழு, கனிமம் தோண்டுவோர் ஆண்டுக்குப் பத்து மில்லியன் 'இஸ்க்' செலுத்தி அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும், தாங்கள் வகுத்த நடத்தை விதிகளை ஏற்க வேண்டும், மறுத்தால் கப்பல் அழிக்கப்படும் என்று அறிவித்தது. இஸ்க் என்பது அந்த வானத்தின் நாணயம். மருமகன் இதை நகைச்சுவையாகத்தான் சொன்னான். ஆனால் பணம் கட்டினால் சீட்டு, கட்டாவிட்டால் கேடு என்ற இந்த ஏற்பாட்டுக்கு நம்மிடம் ஒரு பழைய சொல் இருக்கிறது: கப்பம். அதை அவனுக்கு விளக்க எனக்கு நேரம் எடுத்தது. விளக்கிய பிறகு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே 2012 ஏப்பிரல் இறுதி வாரத்தில், கூன்ஸ்வோம் என்ற பெருங்கூட்டணி ஜிட்டாச் சந்தையை எரிக்கப்போவதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்தது. பல நூறு பேர் மலிவான கப்பல்களில் வந்து, சந்தைக்கு வந்த சரக்குக் கப்பல்களை அடித்துச் சிதறடித்து, தாங்களும் காவற்படையால் சிதறினர், மீண்டும் ஏறினர், மீண்டும் சிதறினர். நிறுவனம் அதைத் தடுக்கவில்லை. கூட்டம் தாங்கும்படி கணினி வசதியைப் பலப்படுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. எவ்வளவு இழந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கூட்டம் முடிவெடுத்துவிட்டால், ஒருபோதும் தவறாத காவற்படையும் சாம்பலை அள்ளத்தான் உதவும் என்பது அந்த வாரஇறுதியில் தெரிந்தது.

கடலில் எழுதப்பட்ட கணக்கு

இதெல்லாம் கணினி யுகத்தின் விந்தை என்று நினைத்தால் தவறு. தன் கப்பலைத் தானே பலியிட்டு எதிரியின் கப்பலை அழிக்கும் முறை மிகப் பழையது. 1588 ஓகஸ்டில் கலே துறைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ஸ்பானியப் பெரும்படையின்மீது ஆங்கிலேயர் தம் சொந்தக் கப்பல்கள் எட்டுக்குத் தீ வைத்து, காற்றோடும் நீரோட்டத்தோடும் இரவில் அனுப்பினார்கள். எட்டுக் கப்பல்களும் எரிந்து போயின. ஸ்பானியர் நங்கூரக் கயிறுகளை அறுத்துக்கொண்டு சிதறினார்கள். மறுநாள் போரின் போக்கு மாறியது. எட்டைக் கொடுத்து ஒரு படையின் ஒழுங்கை வாங்கிய வணிகம் அது.

நம் கடலுக்கு வருவோம். 1602 மே மாத இறுதியில் ஒல்லாந்துத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டார். கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனுடன் நட்புக் கொண்டார். போர்த்துக்கேயரைத் துரத்தக் கைகொடுக்க ஒருவர் கிடைத்தார் என்று மன்னன் மகிழ்ந்தான். அதே ஆண்டின் பிற்பகுதியில் செபால்ட் டி வேர்ட் வந்தார். போர்த்துக்கேயருக்கு எதிராகக் கப்பற்படையோடு திரும்பி வருவதாக மன்னனிடம் வாக்களித்துப் போனார். 1603இல் அவர் மட்டக்களப்புக்குத் திரும்பியபோது வழியில் நான்கு போர்த்துக்கேயக் கப்பல்களைப் பிடித்திருந்தார்; ஆனால் அவற்றில் இருந்தவர்களை விடுதலை செய்துவிட்டார். சரணடைந்தவருக்குக் கொடுத்த வாக்கு என்பது அவர் கணக்கு. தன் ஜென்ம விரோதியைக் கைக்கெட்டிய பின் விட்டுவிட்டான் என்பது மன்னனின் கணக்கு. மன்னனைக் கப்பலுக்கு வருமாறு டி வேர்ட் வற்புறுத்தியது சந்தேகத்தை வளர்த்தது. விருந்தில் மதுவின் மயக்கத்தில் அரசி தோனா கத்தரீனாவை இழிவுபடுத்திப் பேசினார் என்றும் சொல்லப்படுகிறது. 1603 யூன் முதலாம் திகதி டி வேர்ட்டும் கரையில் இருந்த அவருடைய ஆட்கள் ஏறத்தாழ ஐம்பது பேரும் கொல்லப்பட்டனர்.

இதன் பின் நடந்ததே நம் கதைக்கு முக்கியமானது. ஒல்லாந்தர் பழிவாங்கினார்களா? இல்லை. கறுவாவும் வேண்டும், கண்டி மன்னனின் நட்பும் வேண்டும். ஒன்பது ஆண்டுகள் கழித்து 1612இல் அதே கண்டி அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 1638 மே மாதம், போர்த்துக்கேயர் பத்து ஆண்டுகளுக்கு முன் புளியந்தீவில் கட்டியிருந்த கோட்டையை, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு கைப்பற்றினார்கள். வாவி நீரில் நிழல் விழ இன்றும் நிற்கிற அந்தக் கோட்டையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். ஐம்பது உயிர்கள் ஏட்டில் நட்டமாக எழுதப்பட்டன; எதிர்ப்பக்கத்தில் கறுவா எழுதப்பட்டது; கணக்கு நேராயிற்று.

அதே 1603இல், பெப்ரவரி மாதம், இன்றைய சிங்கப்பூருக்கு அருகே ஒல்லாந்தர் சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கேயக் கப்பலைப் பிடித்தார்கள். அதன் சரக்கு மூன்று மில்லியன் கில்டருக்கும் மேல் விலைபோனது. இது கொள்ளையா, நியாயமான போர்ப்பரிசா என்ற கேள்வி எழுந்தபோது, ஒல்லாந்துக் கம்பெனி கூகோ குரோசியஸ் என்ற இளம் சட்டத்தரணியை நாடியது. கம்பெனிக்காக அவர் எழுதிய வாதத்தின் ஒரு பகுதிதான் 1609இல் 'சுதந்திரக் கடல்' என்ற பொருள்படும் நூலாக வெளிவந்தது. சர்வதேசக் கடற்சட்டத்தின் அடிப்படை நூல்களில் ஒன்றாக அது இன்று போற்றப்படுகிறது. முதலில் கொள்ளை, பிறகு அதற்கான சட்டம். அந்தக் கற்பனை வானத்திலும் இதே வரிசைதான். மாராவும் யூலாயும் நடந்த பின்னரே வெல்ல முடியாத காவலன் பிறந்தான்.

தவறாத தண்டனையும் வராத தண்டனையும்

பத்திரிகையாளனாக நான் எழுதிய ஆசிரியத் தலையங்கங்களில் ஒரு வரி அடிக்கடி வந்திருக்கும்: குற்றம் செய்தவன் தண்டிக்கப்படுவான் என்ற நிச்சயம் இருந்தால் குற்றம் நிகழாது. இதை எழுதுவதற்கு எங்களுக்குக் காரணம் இருந்தது.

2004 மே 31ஆம் திகதி, மட்டக்களப்பு நகரில் பட்டப்பகலில் என் சக பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக்கொல்லப்பட்டார். எவரும் தண்டிக்கப்படவில்லை. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, புளியந்தீவு புனித மரியாள் பேராலயத்தினுள், நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். சுற்றிலும் படையினரின் காவல் நிறைந்திருந்த பகுதி அது. சுட்டவர்கள் நடந்து வெளியேறினார்கள். பல ஆண்டுகள் கழித்து வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2021 சனவரியில் விடுவிக்கப்பட்டார்கள். உயர் பாதுகாப்பு என்பது எவருடைய பாதுகாப்பு என்ற கேள்வி அன்று இந்த ஊரில் எல்லோர் மனதிலும் இருந்தது. வாய்விட்டுக் கேட்டவர்கள் குறைவு.

எனவே, தண்டனை தவறாத ஓர் உலகத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்குப் பொறாமைதான் வந்தது. பிறகு யோசித்தேன். அந்த உலகில் தண்டனை நூற்றுக்கு நூறு நிச்சயம். ஆயினும் வழிப்போக்கனுக்குப் பாதுகாப்பில்லை. ஏன்? தண்டனை இன்னதென்றும், இவ்வளவுதான் என்றும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், வசதியுள்ளவனுக்கு அது தண்டனையாக இருப்பதில்லை. அது விலையாகிவிடுகிறது. சந்தையில் மீனுக்கு விலை கொடுப்பதுபோல் குற்றத்துக்கும் விலையைக் கொடுத்துவிட்டு நடக்கிறான். வேலை நிறுத்தச் சட்டத்தை மீறித் தண்டப்பணம் கட்டும் பெருமுதலாளியும், ஆற்றுமணலை அள்ளிவிட்டு நீதிமன்றத்தில் சிரித்தபடி அபராதம் செலுத்தும் மணல் வியாபாரியும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

தண்டனை வராத ஊரில் கொலைகாரனுக்குக் குற்றம் இலவசம். தண்டனைக்கு விலை குறித்த ஊரில் குற்றம் விற்பனைக்கு. முன்னையதே கொடியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பின்னையதை நீதி என்று அழைத்து ஏமாறக் கூடாது. இழந்தவனுக்கு இழந்தது திரும்புகிறதா, அடுத்தவன் இழக்காமல் காக்கப்படுகிறானா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த வெல்ல முடியாத காவலனிடம் பதில் இல்லை. அவன் எப்போதும் நிகழ்ந்து முடிந்த பின்னரே வருகிறான்.

அப்படியானால் அங்கே பிழைப்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று மருமகனிடம் கேட்டேன். அவன் சொன்ன வழிகள் நம் தோணிக்காரர்கள் அறிந்தவைதான். கப்பலின் வலிமைக்கு மிஞ்சிய பெறுமதியை ஒரே பயணத்தில் ஏற்றாதே. கப்பலை ஓடவிட்டு உறங்காதே. முன்னே ஒரு நண்பனை அனுப்பி வழியைப் பார். அடிக்கப்படும்போது தாங்கிப் பிடிக்கத் துணையோடு போ. சட்டத்தை நம்பி எவரும் அங்கே சரக்கு ஏற்றுவதில்லை. ஒருவரை ஒருவர் நம்பியே ஏற்றுகிறார்கள். போர்க்காலத்தில் இருட்டும் முன் வீடு திரும்பாத பிள்ளைக்காக ஒழுங்கை முழுவதும் படலையில் காத்து நின்றதே, அந்தக் காவலை எந்த வலயப் பலகையும் எங்களுக்குத் தந்ததில்லை.

திரும்பி வராதவர்கள்

2012 செப்டெம்பர் 11ஆம் திகதி, லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் துணைத்தூதரகம் தாக்கப்பட்டபோது இறந்த நால்வரில் ஷோன் ஸ்மித்தும் ஒருவர். வெளியுறவுத் திணைக்கள அலுவலர். ஈவ் வானத்தில் அவருக்கு வேறொரு பெயர். கூன்ஸ்வோம் கூட்டணியின் பெரிய இராசதந்திரி அவர். ஏப்பிரலில் ஜிட்டாவைச் சிரித்துச் சிரித்து எரித்த அதே கூட்டணி, செப்டெம்பரில் அழுதது. நண்பர்களும் எதிரிகளும் வானத்திலுள்ள தங்கள் விண்நிலையங்களுக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள். ஆயிரம் கப்பல்கள் அழிந்தாலும் மறுநாள் ஏறலாம் என்று ஆடியவர்கள், நகலுடலில் விழித்தெழாத ஒரு சாவை அன்று சந்தித்தார்கள்.

மருமகனுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தது. நான் அவனிடம் நம் கதைகளைச் சொன்னேன். 1990 யூலையில் வடக்கே வல்வெட்டித்துறைக் கடலில், வெடிமருந்து ஏற்றிய படகோடு கடற்படைக் கப்பலை மோதச் சென்றவர்கள் திரும்பவில்லை. அதன்பின் கிழக்கிலும் வடக்கிலும் கொழும்பிலும் அந்தச் சொல்லோடு போனவர்களும், அவர்களால் போனவர்களும், வழியில் நின்றதால் மட்டுமே போனவர்களும் எத்தனையோ பேர். 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, இதே மட்டக்களப்பில், சீயோன் தேவாலயத்தில் ஒருவன் தன்னை வெடிக்கவைத்தான். ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இலாபக் கணக்கு எழுத முடியாது. எழுத முயன்றவர்கள் எந்தப் பக்கத்தில் நின்றவரானாலும், ஏட்டின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டே எழுதினார்கள்.

அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்கு அது ஒரு இங்கிலீஷ் சொல்லு மட்டுந்தான் மாமா. தமிழில சொல்லேக்க வேற மாதிரி இருக்கு" என்றான். உண்மைதான். ஒரு சொல் எந்த ஊரில் உச்சரிக்கப்படுகிறது என்பதும் அதன் பொருளில் பாதி.

விளையாட்டை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. எவரையும் உண்மையில் காயப்படுத்தாத ஓர் ஆட்டத்தில், உலகின் பழைய பாடம் ஒன்றை அவன் கற்றிருக்கிறான். நான் தலையங்கம் எழுதியும் கற்காத பாடம்.

அவன் ரொறன்ரோவுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், என் தாயார் அவனைக் கூப்பிட்டு அருகில் இருத்தி, அந்த விளையாட்டு என்னவென்று கேட்டார். அவன் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான்: சின்னக் கப்பல், பெரிய கப்பல், பொலிஸ் வரும், சின்னது போகும், பெரியதும் போகும், மிச்சத்தை அள்ளலாம். அம்மா கடைசிவரை கேட்டார். வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அதில் விளங்காதது ஒன்றுமில்லை.

"அதுக்குப் பேர் தற்கொலை இல்ல மனே" என்றார். "அது இறாலைப் போட்டுச் சுறாப் பிடிக்கிற வேலை. இனி அப்பிடியே சொல்லு."

போன வாரம் தொலைபேசியில் பேசியபோது அவன் சொன்னான்: "நேற்று இருபது இறால் போட்டம் அம்மம்மா." என் தாயார் சிரித்தார். அந்த மேசையில் நின்றுபோன பேச்சு அன்றுதான் மீண்டும் தொடங்கியது.